கெஸியா டீ

தேவாலா,
14.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

கெஸியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

விளம்பரக் கவருக்குள் என் கடிதத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். போனில் பேச முடியாது அத்தை. வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். அதையும் ஸ்பீக்கரில் போட்டு மூட்டை மேல் வைத்துவிட்டுத்தான் பேசச் சொல்வார். உங்கள் ஆசிரியர் எட்மண்ட் சார், விளம்பரம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட புரூஃப் தாள் திரும்பி வராமல் எந்த விளம்பரத்தையும் பத்திரிகையில் ஏற்ற மாட்டார் என்பது நல்லதாகப் போயிற்று. அந்தக் கவரைக் குன்னூர் வழியாகப் போகும் கோயம்புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் சுப்பண்ணனிடம் கொடுப்பது என் வேலை. அதனால் இந்த வழி. எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

எங்கள் டீத்தூளில் ஒரு சிவப்புப் பொடி கலக்கிறார்கள். மேட்டுப்பாளையம் ஜெகதீசன் கொண்டுவருகிறார். போன வாரம் பாக்கெட் போட ஆள் வராததால் என்னையும் உட்கார வைத்தார்கள். கை வியர்த்ததோ என்னவோ, உள்ளங்கை முழுக்க ஆரஞ்சு நிறம். மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. வகுப்பில் டீச்சர் கையைத் திருப்பிப் பார்த்து, "ஏன் புள்ள, உங்க ஊட்டுல மருதாணி வெப்பீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள்தான் விளம்பரத்துக்காக என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் வெள்ளைக் கவுனோடு படம் எடுத்தீர்கள். 'எங்கள் வீட்டுப் பிள்ளை குடிக்கும் டீ' என்று எழுதியதும் நீங்கள்தான். அத்தை, நாங்கள் அதைக் குடிப்பதில்லை. அம்மா வேறு தூளை ஊறுகாய் பாட்டிலில் தனியாக வைத்திருக்கிறார். என் படத்தையும் பெயரையும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட முடியுமா? அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

கெஸியா


குன்னூர்,
22.6.2024

அன்பு மகள் கெஸியாவுக்கு,

யூனிஸ் அத்தை எழுதுவது. நான் சுகம். முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது.

விளம்பரம் வந்த இதழை உங்களுக்கு அனுப்புகிறோம் இல்லையா, அதன் நடுப்பக்க மடிப்பில் இதை வைக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

கையில் நல்லெண்ணெய் தேய்த்து எலுமிச்சம்பழத் தோலால் துடை. நிறத்துக்கு ஏதாவது சேர்ப்பது வியாபாரத்தில் உண்டுதான். அதெல்லாம் பெரியவர்கள் விஷயம். படத்தை இப்போது மாற்ற முடியாது, வருஷச் சந்தா விளம்பரம். மாற்றினால் ஏன் என்று உன் அப்பா கேட்பான்.

ஆகஸ்டில் எங்கள் 'மலைச்சிகரம்' பத்திரிகையின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலர் வருகிறது. வேலை தலைக்கு மேல். குடை ரிப்பேர்க்காரர் ஜூன், ஜூலைக்கு மட்டும் விளம்பரம் கேட்கிறார். மழை வராவிட்டால் பணம் வாபஸா என்றும் கேட்கிறார். பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுபவர், 'வாசகர்கள் அனைவரும் எங்கள் சேவையைப் பயன்படுத்தி மகிழ வாழ்த்துகிறோம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் 'மகிழ' என்பதை மட்டும் அடித்தேன்.

நீ பாடத்தைப் பார். பிளஸ் ஒன் லேசு இல்லை.

பிரியமுள்ள
அத்தை


தேவாலா,
28.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். மழை பிடித்துக்கொண்டது.

ஐஸ் பெட்டியைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு நீங்கள் நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்பது தெரிந்தது.

வருவது நல்ல தூள் இல்லை அத்தை. ஃபாக்டரியில் குடிக்க ஆகாது என்று தள்ளும் கழிவு. நாரும் தூசியுமாக மூட்டை மூட்டையாக வருகிறது. அதில்தான் பொடியைக் கரைத்துத் தெளித்துக் காய வைக்கிறார்கள். மழையில் காய மாட்டேன் என்கிறது. நேற்று பின்பக்கச் சாக்கடையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அம்மா வாளி வாளியாக ஊற்றித் தள்ளினார்.

அப்பா ஒருமுறை, "இது உடம்புக்குக் கெடுதல் இல்லீங்களா?" என்று ஜெகதீசனிடம் கேட்டார். அவர் சிரித்தார். "ஏனுங்க ஜெர்சன், டீ குடிக்கறவன் நாக்காலயா குடிக்கறான்? கண்ணாலதான் குடிக்கறான். உங்க தூளு முன்னாடி வெள்ளைக்காரன் மாதிரி இருந்துச்சு, எவன் வாங்குனான்?" என்றார். அப்பா மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். பாக்கெட்டுக்குச் சீல் போடும் அந்த மெஷின் ஜெகதீசன் வாங்கிக் கொடுத்தது.

என்னோடு படிக்கும் தாரிணியின் அம்மா வேலாமணியக்கா பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிறார். கெஸியா டீதான் போடுகிறார். தாரிணியின் தம்பிக்கு ஆறு வயது. அவன் பால் குடிக்க மாட்டான், டீதான் கேட்பான். என்னைக் கண்டால் "டீயக்கா" என்று ஓடி வருகிறான்.

ஜெகதீசன் மலருக்காக ஒரு திட்டம் சொல்கிறார். விளம்பரத்தில் கூப்பன் போட வேண்டுமாம். வெட்டிக் கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம். சுதந்திர தினத்தன்று எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மலரும் பாக்கெட்டும் கொடுக்கப் போகிறார்களாம். என் முகத்தோடு, அத்தை. என் பெயரோடு.

இதை நிறுத்துங்கள். எட்மண்ட் சாரிடம் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஜெகதீசன் எப்படிப் பழக்கம் ஆனார் என்று உங்களுக்குத் தெரியுமா? அம்மாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

கெஸியா


குன்னூர்,
6.7.2024

அன்பு மகளுக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

கூப்பன் விளம்பரம் முழுப் பக்கமாக வந்திருக்கிறது. எட்மண்ட் சாருக்குச் சந்தோஷம். இந்த ஒரு பக்கத்தில்தான் மலரே நிற்கிறது என்கிறார். அவரிடம் நான் என்ன சொல்ல?

பழைய விளம்பரங்களை எடுத்து இரண்டு பக்கம் போடச் சொல்லியிருக்கிறார். அலமாரியில் இருக்கும் பழைய இதழ் பைண்டுகளைத் தூசி தட்டிக்கொண்டு இருக்கிறேன். தையற்காரர், கம்பளிக் கடை, தைலம் காய்ச்சுபவர், சைக்கிள் லாம்புக்கு மண்ணெண்ணெய் விற்பவர். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது.

ஜெர்சன் எனக்குத் தம்பி. உன் மாமா இறந்த வருஷம் என்னை யார் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று உனக்குத் தெரியாது. பொறுத்திரு. அவசரப்பட்டு யாரிடமும் வாயைத் திறக்காதே.

அத்தை


தேவாலா,
12.7.2024

அத்தைக்கு,

ஸ்தோத்திரம். சுகம்.

இன்று மாட்டிக்கொண்டிருப்பேன். கவரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஜெகதீசன் வாசலில் நின்றார். "பாப்பா, நான் அந்தப் பக்கந்தான் போறேன், குடு" என்று கையை நீட்டினார். உங்களுக்கு எழுதிய கடிதம் அதற்குள் இருந்தது. சுப்பண்ணன் அண்ணன் எனக்கு நோட்டு வாங்கி வைத்திருக்கிறார், நானே போக வேண்டும் என்றேன். "நோட்டா? கண்டக்டரு எப்ப இருந்து நோட்டுக்கடை வெச்சான்?" என்று சிரித்துக்கொண்டே கூட வந்தார். வழி முழுக்க என் கையிலிருந்த கவரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் கவரைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, என் நோட்டு?" என்று கேட்டேன். சுப்பண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜெகதீசனைப் பார்த்தார். "மறந்துட்டேன் கண்ணு, நாளைக்குத் தாரேன். பரிட்சைக்கா வேணும்?" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடிதம் இதற்கு முன்பே உங்களுக்கு வந்திருக்கும். அதன் தொடர்ச்சியாக இதைப் பஸ் ஸ்டாப்பிலேயே எழுதி, மாலை பஸ்ஸில் தனியாகக் கொடுக்கிறேன்.

ஜெகதீசன் எப்படிப் பழக்கம் என்று போன முறை கேட்டதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். பொறுத்திரு என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவரைக்கும்? பள்ளியில் பாக்கெட் கொடுப்பது முடிவாகிவிட்டது. நான்தான் மேடையில் நின்று கொடுக்க வேண்டுமாம். தாரிணியின் தம்பி முதல் ஆளாக வருவேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிட வேண்டும் என்று ஜெபிக்கிறேன். காய்ச்சல் வந்தாலும் படம் அங்கேதானே இருக்கும்.

கெஸியா


குன்னூர்,
1.8.2024

அன்புள்ள கெஸியா,

உன் கடிதம் வந்தபின் நான் உடனே எழுதியிருக்க வேண்டும். மண் சரிந்து கூடலூர் ரோடு நின்றது, பஸ் இல்லை. அது பாதிக் காரணம்தான். நீங்கள் பத்திரமா? பின்பக்க மேடு நனைந்திருந்தால் அங்கே படுக்க வேண்டாம்.

பஸ் ஓடாத நாட்களில் ஆபீஸில் ஒரு வேலை செய்தேன். விளம்பரம் கொடுப்பவர்கள் சரக்கில் கொஞ்சம் அனுப்புவது இங்கே வழக்கம். பேக்கரிக்காரர் வர்க்கி பிஸ்கட் அனுப்பினால் அன்றே தீர்ந்துவிடும். உன் அப்பா அனுப்பும் பாக்கெட்டுகள் மட்டும் என் மேஜைக்குக் கீழே பெட்டியில் அப்படியே கிடந்தன. ஏன் அவற்றைப் பிரிக்கவில்லை என்று என்னைக் கேட்காதே.

பழைய பைண்டில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வேலுசாமி தேயிலை மண்டி, பஸ் ஸ்டாண்டு எதிரில். அதில் எழுதியிருப்பது: 'எங்கள் தூளைக் குடிக்குமுன் சோதித்துப் பாருங்கள். இந்தக் காகிதத்தையே நனைத்து அதன் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். சாயம் இறங்கினால் பணம் வாபஸ்.' அதே போல் செய்து பார்த்தேன். கடையில் வாங்கிய வேறு தூள் சும்மா கிடந்தது. நம்முடையது தாளில் பட்டதும் ஆரஞ்சாக ஓடியது. பழைய பாக்கெட்டுகளும் அப்படித்தான்.

உன் அப்பாவின் கூப்பன் பக்கத்தில், கூப்பனுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி கட்டி இந்த வாசகத்தைச் சேர்த்திருக்கிறேன். பூச்சி அரித்த இடத்தில் ஒன்றிரண்டு சொற்களை நானே நிரப்பினேன். அச்சில் வந்துவிட்டால் சாயத் தூளைக் கூப்பனுக்குக் கொடுக்க முடியாது. ஊரே நனைத்துப் பார்க்கும். மலர் புதன்கிழமையே கடைகளுக்கு வந்துவிடும், பள்ளி விழாவுக்கு முந்தின நாள். அவர்களுக்குத் தூளை மாற்ற ஒரு நாள் இருக்கும்.

ஆனால் உன் அப்பாவின் கையெழுத்து இல்லாமல் எட்மண்ட் சார் ஏற்ற மாட்டார். மெஷினை நிறுத்தாமல் உன்னைப் புரூஃப் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது ஜெர்சனின் பழக்கம் என்று எனக்குத் தெரியும். பெட்டியை நீ வாசித்தால் கோடு போட்டு எடுத்துவிடுவான். அதோடு முடிந்தது. வாசிக்காமல் விட்டால் பழி உன்மேல் வரும்.

பெரியவள் நான் செய்ய வேண்டியதை உன் தலையில் வைக்கிறேன். நீ வாசித்துவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அத்தை


தேவாலா,
5.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். மேட்டில் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் சுகம்.

இன்று மாலை வாசித்தேன். அப்பா மெஷினில் இருந்தார். ஜெகதீசன் மூட்டை மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"படி கண்ணு," என்றார் அப்பா.

தலைப்பைப் படித்தேன். 'எங்கள் வீட்டுப் பிள்ளை குடிக்கும் டீ.' கடை விலாசம் படித்தேன். பெட்டி வந்தது. எழுத்து கண்ணுக்கு முன்னால் நின்றது. தாண்டிவிட்டேன். கூப்பனைப் படித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"அவ்வளவுதாம்ப்பா."

"முழுப் பக்கத்துக்குக் காசு வாங்கிட்டு இத்தனூண்டுதான் எழுதறாங்களா?" என்று ஜெகதீசன் கடலைத் தோலை ஊதினார். "எங்க, காட்டு."

அவர் கையை நீட்டியபோது அப்பா மெஷினை நிறுத்தினார். மெஷினை அவர் எப்போதும் நிறுத்த மாட்டார். "எண்ணெய்க் கையோட தொடாதீங்க, கறை ஆயிருச்சுன்னா எட்மண்ட் சார் திருப்பி அனுப்பீருவாரு," என்று தாளை வாங்கி முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்தார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. அப்பாவிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அவர் கெட்டவர் இல்லை அத்தை. முன்பு நல்ல தூள் விற்றபோது சைக்கிளில் டீக்கடை டீக்கடையாக அலைந்து, நிறம் இல்லை என்று திருப்பிக் கொடுத்த பாக்கெட்டுகளோடு திரும்பி வருவார். நான் கதவைத் திறந்தால் சிரிப்பார். இப்போது எல்லாம் விற்கிறது. அவர் சிரிப்பதில்லை. அவர் போலீஸில் மாட்டிக்கொண்டால் நான்தான் காரணம். மாட்டாமல் இருந்து அந்தச் சின்னப் பையனுக்கு ஏதாவது ஆனாலும் நான்தான் காரணம். எனக்கு அப்பாவைப் பார்த்துப் பயமாக இருக்கிறது, அவருக்காகவும் பயமாக இருக்கிறது.

புரூஃபோடு இதைக் கவரில் வைத்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டேன். காலையில் பஸ்ஸில் கொடுத்துவிடுவேன்.

கெஸியா


குன்னூர்,
10.8.2024

என் கெஸியாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று வழக்கமாகக் கேட்பதை இன்று நிஜமாகவே கேட்கிறேன்.

மலரின் முதல் பிரதியை அனுப்புகிறேன். அதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று. நீ அனுப்பிய கவரைச் சோற்றால் ஒட்டியதாக எழுதியிருக்கிறாய். எனக்கு வந்த கவர் பாக்கெட் பெட்டிக்கு ஒட்டும் அகலமான டேப்பால் ஒட்டியிருந்தது. டேப்புக்குக் கீழே காய்ந்த பருக்கை கிழிந்து கிடந்தது.

உள்ளே உன் கடிதம் இருந்தது, மடிப்பு மாறி. புரூஃபும் இருந்தது. நீ வாசிக்காத அந்தப் பெட்டிக்குள் ஒரு திருத்தம். நான் சோதித்தது குழாய்த் தண்ணீரில்தான், ஆனால் பூச்சி அரித்த வரியை நிரப்பும்போது டீ என்ற நினைப்பில் 'வெந்நீரில் நனைத்து' என்று எழுதியிருந்தேன். வெந்நீர் பட்டால் நல்ல தூளும் நிறம் விடும், எந்தத் தூள் எது என்றே தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. 'வெந்நீரில்' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'பச்சைத் தண்ணீரில்' என்று எழுதியிருக்கிறது. உன் எழுத்து இல்லை. ஓரத்தில் இன்னொரு கையெழுத்து, தேதியோடு.

என் தம்பியின் எழுத்து எனக்குத் தெரியும். அவன் திருத்தியபடியே அச்சாகியிருக்கிறது.

அவன் உன்னிடம் ஏதாவது சொன்னானா? உடனே எழுது.

அத்தை


தேவாலா,
17.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு அம்மா தைலம் வாங்கி வைத்திருக்கிறார்.

அன்று காலை அப்பாவே, "குடு, நானே பஸ்ஸுல குடுத்துக்கறேன்," என்று கவரை வாங்கிக்கொண்டார். அதை உங்களுக்குச் சொல்ல வழியில்லை. உங்கள் கடிதம் வரும்வரை அவர் பிரித்தாரா இல்லையா என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பரிமாறினால் மட்டும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்.

மலர் கடைகளுக்கு வந்த புதன்கிழமை காலையிலேயே ஜெகதீசன் வந்தார். பத்திரிகையை அப்பா முன்னால் எறிந்தார்.

"என்னங்க ஜெர்சன் இது? உங்க கழுத்துக்கு நீங்களே கயிறு திரிச்சிருக்கீங்க?"

"அச்சுல வந்துருச்சுங்க," என்றார் அப்பா.

"வந்தா? கூப்பன் இல்லைன்னு சொல்லீருங்க."

"முடியாதுங்க. ஊருக்கே சொல்லியாச்சு. எங்கையெழுத்து இருக்குது. இனி இந்தத் தூளைக் கடைல வெக்க முடியாது. எடுத்துட்டுப் போயிருங்க."

"யாரு எழுதுனது இந்தப் பொட்டிய?" ஜெகதீசன் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நாந்தான் எழுதச் சொன்னேன்," என்றார் அப்பா.

ஜெகதீசன் பத்திரிகையைக் காலால் தள்ளினார். பிறகு ஆளைக் கூப்பிட்டு மெஷினைத் தூக்கச் சொன்னார். மூட்டைகளையும் ஏற்றினார். "உங்க அக்காதானுங்க என்னை இந்த ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தது. அவங்க பத்திரிகையே இப்படிப் பண்ணுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் உங்களிடம் அதைப் பற்றிக் கேட்கப் போவதில்லை, அத்தை.

அப்பா சேரங்கோட்டில் தெரிந்தவரிடம் நல்ல தூள் கடனாக வாங்கி வந்தார். மெஷின் இல்லாததால் மெழுகுவத்தியையும் ஹேக்ஸா பிளேடையும் வைத்து நாங்கள் மூவரும் பாக்கெட் ஒட்டினோம். என் விரல் இரண்டு இடத்தில் சுட்டுவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வரவில்லை. ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் கொடுத்தோம்.

விழா மேடையில் தாரிணியின் தம்பிதான் முதலில் வந்தான். மாலையில் வேலாமணியக்கா கடைக்கு முன்னால் கூப்பனை நனைத்து வைத்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். அக்கா புதுப் பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை தூவினார். பழைய பாக்கெட்டிலிருந்தும் ஒரு சிட்டிகை. பிறகு இரண்டு தாளையும் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் முன்னால் வைத்தார். "இத்தன நாளா எம்புள்ளைக்கு இதைத்தான் ஊத்திக் குடுத்தேனுங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்பா எழுந்து நின்றார். ஆமாம் என்று சொன்னார். அக்கா போய்விட்டார். இனி நம் தூளை வாங்குவாரா என்று தெரியாது. தாரிணி என்னோடு பேசவில்லை.

நேற்று அம்மா டீ போடும்போது ஊறுகாய் பாட்டிலை எடுக்கவில்லை. பாக்கெட்டைப் பிரித்தார். நிறம் வெளிறித்தான் இருந்தது. மூவரும் குடித்தோம்.

இதை எழுத ஆரம்பித்துப் பாதியில் இருக்கும்போது அறைக்கதவு திறந்தது. டார்ச்சை அணைத்தேன். அப்பா சுவரைத் தடவி லைட்டைப் போட்டார். என்னையும் தாளையும் பார்த்தார்.

"அக்காளுக்கா?" என்றார்.

தலையாட்டினேன்.

"முழங்காலு எப்படி இருக்குதுன்னு கேளு," என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "இனி லைட்டைப் போட்டுட்டே எழுது கண்ணு. எத்தன நாளா அந்தப் போர்வைக்குள்ள கண்ணைக் கெடுத்துக்கற."

லைட் எரிகிறது, அத்தை. எழுத்து நேராக வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள்
கெஸியா